ரைபிள் ட்ரிகரை 'லைட்' ஆக்கினால் குறி தப்பாதா? ஸ்க்ரூவைத் தொடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்து 2 ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ரைபிள் பிரிவில் களமிறங்கினார். அதே பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி, ரயில்வே டிக்கெட் பரிசோதகரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் 3 பொசிஷன் பிரிவில் வெண்கலம் வென்றார். 2022-ல் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கி சுடுதல் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது கூடிய கூட்டம் இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துட்டு ரைபிள் பக்கம் வரும் இளைஞர்கள், பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "ட்ரிகர் ரொம்ப ஹார்டா இருக்கு, கொஞ்சம் லைட் பண்ணலாமா?" விருத்தாசலத்தில் இருந்து என்.சி.சி. கேம்புக்குப் போய் பாயின்ட் 22 ரைபிளைத் தொடும் மாணவராக இருந்தாலும் சரி, சென்னையில் ரைபிள் கிளப்பில் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, கேள்வி அதேதான்.

பண்ணலாம். ஆனா எதை, எவ்வளவு, யார் செய்றது என்பதில்தான் விஷயமே இருக்கு. ட்ரிகரில் இருப்பது ஒரே ஒரு செட்டிங் இல்லை. நாலைந்து உண்டு. அதில் ஒன்றைத் தப்பாகத் திருகினால், யாரும் விரல் வைக்காமலேயே ரைபிள் வெடிக்கும் நிலை வரலாம்.

போல்ட் ஆக்‌ஷன் என்றால் என்ன?

வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்துத் திறக்கிறோம். மூடும்போது முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே இறக்குகிறோம். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளும் அப்படியேதான். போல்ட்டைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை சுடவும் இதைக் கையால் செய்ய வேண்டும். தானாக எதுவும் நடக்காது.

குசாலே சுட்டது இந்த வகை பாயின்ட் 22 ரைபிளில். என்.சி.சி. மாணவர்கள் கையில் கிடைக்கும் பாயின்ட் 22-வும், ஒரு காலத்தில் நாடு முழுக்க போலீஸ் தோளில் தொங்கிய பாயின்ட் 303-யும் இதே வகைதான். இளவேனில் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். அதில் வெடிமருந்து இல்லை, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளும். ஆனால் ட்ரிகர் செட்டிங் விஷயத்தில் இரண்டுக்கும் பாடம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

இந்த போல்ட்டுக்குள் ஒரு நீளமான ஊசி இருக்கிறது. அதுதான் ஃபயரிங் பின். அதன் பின்னால் நன்றாக அழுத்தப்பட்ட ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் எப்போதும் ஊசியை முன்னால் தள்ளத்தான் பார்க்கும். அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது சியர் என்ற சின்ன இரும்புக் கொக்கி. ட்ரிகரை இழுத்தால் சியர் விலகும், ஊசி பாயும், தோட்டாவின் அடிப்பாகத்தில் இடிக்கும், மருந்து பற்றும்.

ட்ரிகர் சுடுவதில்லை. ஏற்கெனவே பாயத் தயாராக நிற்கிற ஒன்றை அது 'விட்டுவிடுகிறது', அவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்.

பீங்கான் கோப்பையும் அலமாரி விளிம்பும்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் எல்லாம் உள்ள ஊர். அதனால் இந்த உதாரணம் இங்கே யாருக்கும் புரியும்.

ஒரு பீங்கான் கோப்பையை அலமாரியில் வைக்கிறீங்க. முழுசா உள்ளே தள்ளி வெச்சா, அதைக் கீழே விழவைக்க ரொம்ப தூரம் இழுக்கணும். பாதி வெளியே நீட்டி வெச்சா, கொஞ்சம் இழுத்தாலே போதும். நூல் அளவு விளிம்பில் மட்டும் ஒட்டிக்கிட்டு நிற்கிற மாதிரி வெச்சா? பக்கத்தில் யாராவது கதவைப் படார்னு சாத்தினாலே விழுந்து உடைஞ்சிடும்.

ட்ரிகரும் சியரும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் அந்த விளிம்பு அளவுதான் 'சியர் எங்கேஜ்மென்ட்'. விளிம்பு அதிகமாக இருந்தால், ட்ரிகர் கரகரவென்று இழுபடும். எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியாது. விளிம்பு குறைந்தால் கண்ணாடி உடைகிற மாதிரி 'டக்'கென்று விடும். சுடுபவர்களுக்கு அந்த 'டக்' மேல் பெரிய ஆசை. ஆனால் அந்த ஆசையில் விளிம்பை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால், ரைபிளை மேஜையில் கொஞ்சம் வேகமாக வைத்தாலோ, போல்ட்டைப் பட்டென்று மூடினாலோ, சியர் தானாக நழுவிவிடும். பேசப்படும் அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மற்ற செட்டிங்குகள்

எல்லோரும் முதலில் கேட்பது எடை. அதாவது ட்ரிகர் விடுவதற்கு விரல் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது. இதை கிராமிலோ, பவுண்டிலோ சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூதான் இதற்கு. பழைய பாயின்ட் 303 ரைபிளில் இது சுமார் 5 முதல் 6 பவுண்டு, அதாவது இரண்டரை கிலோ அளவு. 50 மீட்டர் போட்டி ரைபிளில் 100 கிராம் அளவுக்குக்கூட இறக்கி வைக்க முடியும். இப்போ நீங்க இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற செல்போன் எப்படியும் 180, 200 கிராம் இருக்கும். அதில் பாதி எடைதான்!

எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கணக்கு எளிது. பாயின்ட் 303 ரைபிளின் மொத்த எடையே சுமார் 4 கிலோ. அதில் இரண்டரை கிலோ இழுவையை ஒரே விரலில் கொடுக்கிறோம். விரல் நேராகப் பின்னால் இழுக்காமல் துளி பக்கவாட்டில் இழுத்தாலும் ரைபிளே அந்தப் பக்கம் திரும்பும். போட்டி ரைபிள் அதைவிட கனமானது. ஆண்கள் பிரிவில் 8 கிலோ வரை அனுமதி. அந்தக் கனத்தின் முன்னால் 100 கிராம் இழுவை ஒரு பொருட்டே இல்லை. கோணலாக இழுத்தாலும் ரைபிள் பெரிதாக அசையாது.

அசைந்தால் என்ன ஆகும்? ரைபிளின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ரைபிளுக்கு, 50 மீட்டர் தாண்டி இருக்கும் அட்டையில் அது சுமார் 5 மில்லிமீட்டர் விலகல். அந்த அட்டையில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். இறுதிச்சுற்றில் மதிப்பெண்ணை 10.9 வரை தசமத்தில் கணக்கிடுவார்கள், 0.8 மில்லிமீட்டருக்கு 0.1 மதிப்பெண். அப்படிப் பார்த்தால் அந்த 5 மில்லிமீட்டர், அரை மதிப்பெண்ணுக்கும் மேலே பறித்துவிடும். 2016 ரியோ ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச்சுற்றில் அபினவ் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் சமநிலையில் நின்றார்கள். ஒரே ஒரு குண்டு. குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0. பிந்த்ரா 4-ம் இடத்தோடு வெளியேறினார். (அதே குலிஷ்தான் பாரிஸில் குசாலேவுக்கு ஒரு இடம் முன்னால், வெள்ளி வென்றவர்.)

அடுத்தது, போலீஸ், ராணுவம், என்.சி.சி. பயிற்சியில் 'ஃபர்ஸ்ட் புல், செகண்ட் புல்' என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. ட்ரிகரை இழுக்கத் தொடங்கியதும் முதலில் கொஞ்ச தூரம் இலகுவாக வரும். பிறகு ஒரு சுவரில் முட்டிய மாதிரி நிற்கும். அதுவரை ஃபர்ஸ்ட் புல். அந்தச் சுவரைத் தாண்டி இழுத்தால் வெடிக்கும். அது செகண்ட் புல். நல்ல ட்ரிகரில் இந்த இரண்டுக்கும் எடையைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம். மொத்தம் 100 கிராம் என்றால், பெரும்பங்கை ஃபர்ஸ்ட் புல்லில் வைத்துவிட்டு, கடைசிச் சுவருக்குக் கொஞ்சம் மட்டும் விடுவார்கள். குறி பார்க்கும்போதே விரல் சுவர் வரை வந்து காத்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு கட்ட ட்ரிகர்தான் நல்லது என்பது என் கருத்து. சுவர் எங்கே என்று விரலுக்குத் தெரியும். ஒரே கட்ட ட்ரிகரில் விரல் பட்டதுமே சுவர்தான். எடையும் குறைவாக இருந்தால் தவறிச் சுட்டுவிட வாய்ப்பு அதிகம்.

ஓவர்டிராவல் என்று ஒன்று உண்டு. சியர் விட்ட பிறகும் ட்ரிகர் பின்னால் போகும் தூரம் அது. நிறைய தூரம் போனால், குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே விரல் போய் இடித்து ரைபிளை ஆட்டும். அதை நிறுத்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். இதையும் ரொம்ப இறுக்கக் கூடாது; இறுக்கினால் ட்ரிகர் சியரை முழுசாக விடாமல் உரசும். சில நேரம் சுடவே சுடாது. இதைத் தவிர ட்ரிகர் தகட்டை விரல் நீளத்துக்கு ஏற்ப முன்னால் பின்னால் நகர்த்தும் வசதியும் போட்டி ரைபிள்களில் உண்டு. ஆபத்தே இல்லாத செட்டிங் இது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், "ட்ரிகர் ஹார்டா இருக்கு" என்று புலம்பும் பலருக்குத் தேவைப்படுவதும் இதுதான். விரல் நுனிச் சதை படவேண்டிய இடத்தில் மூட்டு பட்டால், எந்த ட்ரிகரும் கனமாகத்தான் தெரியும்.

இவ்வளவுதான் லைட் பண்ணலாம்னு விதி இருக்கா?

சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகள் இதில் கொஞ்சம் வியப்பானவை. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் 50 மீட்டர் ரைபிளுக்கும் ட்ரிகர் எடையில் கீழ் வரம்பே இல்லை. அவரவர் விருப்பம். ஆனால் 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்குக் குறைந்தது 1,500 கிராம் இருக்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். போட்டிக்கு முன்பு அந்த எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். எடையைத் தாங்காமல் விட்டுவிட்டால், சரிசெய்த பிறகுதான் அனுமதி.

அப்போ வரம்பு இல்லாத பிரிவில் எல்லாரும் 30, 40 கிராமில் வைத்துக்கொள்ளலாமே? பல முன்னணி வீரர்களே அப்படி வைப்பதில்லை. போட்டி அழுத்தத்தில் விரல் மரத்துப்போகும், நடுங்கும். ட்ரிகர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு லைட்டாக இருந்தால், சுட வேண்டாம் என்று நினைக்கும் நொடியில் வெடித்துவிடும். ரைபிளை இறக்கி, மூச்சை விட்டு, மறுபடி தூக்க நினைத்தவருக்கு அந்த ஒரு குண்டில் போட்டியே போயிருக்கும்.

ஸ்க்ரூவே இல்லாத ரைபிள்களும் உண்டு

இங்கேதான் யூடியூப் பார்த்துக் கை வைப்பவர்கள் சிக்குகிறார்கள். வீடியோவில் வருவது பெரும்பாலும் வெளிநாட்டு ரைபிள், ஸ்க்ரூ வைத்த ட்ரிகர். நம்ம ஊரில் லைசென்ஸ்தாரர்களிடம் பரவலாக இருக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்த பாயின்ட் 315. அதன் பூர்வீகம் பிரிட்டிஷ் காலத்து லீ-என்ஃபீல்டு, அதாவது பாயின்ட் 303.

லீ-என்ஃபீல்டு ட்ரிகரில் எடைக்கு ஸ்க்ரூ கிடையாது. ட்ரிகரின் மேல்பகுதியில் இரண்டு சின்ன மேடுகள் இருக்கும். முதல் மேடு சியரை அழுத்தும்போது ஃபர்ஸ்ட் புல். இரண்டாவது மேடு தொட்டதும் செகண்ட் புல். எடையை மாற்ற வேண்டுமென்றால் அந்த மேடுகளையும் சியரின் முகத்தையும் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். அது ஆர்மரர் வேலை. சியரின் முகம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருப்பதால்தான் ஸ்பிரிங்கின் தள்ளலையும் மீறி அது கவ்வி நிற்கிறது. அந்தக் கோணம் கொஞ்சம் மாறினால் கவ்வுவதற்குப் பதிலாக வழுக்கும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கடினப்படுத்திய மேல்தோல் போய்விட்டால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு சீக்கிரம் தேயும். இன்று சரியாக இருக்கும் ட்ரிகர், சில நூறு குண்டுக்குப் பிறகு தானாக விடும்.

ஒரு ட்ரிகர், பல லட்சம் ரைபிள்கள்

'தொடாமலே வெடிக்கும்' என்பது பயமுறுத்தலா? உலகிலேயே அதிகம் விற்ற போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் ஒன்றின் கதையைப் பாருங்கள்.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்த மாடல் 700. அதன் ட்ரிகரை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். 'டக்'கென்று சுத்தமாக விடும் ட்ரிகர் என்று சுடுபவர்கள் கொண்டாடினார்கள். அந்தச் சுத்தத்துக்குக் காரணம், ட்ரிகருக்கும் சியருக்கும் நடுவில் ஒட்டாமல் நின்ற ஒரு சின்னத் தனித் துண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ட்ரிகரை விட்டு விலகி, ஸ்பிரிங்கால் திரும்ப வந்து உட்கார வேண்டும். நடுவில் தூசியோ, உறைந்த எண்ணெயோ புகுந்தால் முழுசாகத் திரும்பி வராது. அதாவது நம்ம கோப்பை விளிம்பில் நிற்கும்.

2000-ம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஒரு தாய், ரைபிளில் இருந்து தோட்டாவை எடுப்பதற்காக சேஃப்டியை விடுவித்தார். ட்ரிகரில் விரல் இல்லை என்கிறார். ரைபிள் வெடித்தது. எதிர்ப்பக்கம் நின்ற அவரது 9 வயது மகன் உயிரிழந்தான். பழைய மாடல்களில் சேஃப்டியை விடுவித்தால்தான் போல்ட்டையே திறக்க முடியும் என்பது இதில் இன்னொரு கொடுமை.

அந்தச் சிறுவனின் தந்தை பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடி எடுத்தார். 2010-ல் சி.என்.பி.சி. தொலைக்காட்சி இதை ஆவணப்படமாக ஒளிபரப்பியது. வடிவமைத்த வாக்கரே 1940-களில் ட்ரிகர் பற்றி நிறுவனத்துக்குள் எச்சரித்திருந்ததும், மாற்று வடிவம் ஒன்றை முன்வைத்ததும் அதில் வெளிவந்தன. ட்ரிகரில் குறை இல்லை, சரியாகப் பராமரிக்காததும் மற்றவர்கள் கைவைத்து மாற்றியதும்தான் காரணம் என்பது நிறுவனத்தின் தொடர்ந்த பதில். கடைசியில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை உள்ளடக்கிய வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, ட்ரிகரை மாற்றித் தர சமரசம் ஆனது.

வாக்கர் ட்ரிகருக்கு மாற்றாக வந்த புது ட்ரிகருக்கும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. 2006 மே முதல் செய்த ரைபிள்கள் எல்லாம் அதில் அடக்கம். காரணம் என்ன தெரியுமா? பொருத்தும்போது போட்ட பசை சில ட்ரிகர்களில் அளவுக்கு மேல் இருந்தது. தொழிற்சாலையிலேயே ஒரு சொட்டுப் பசை இவ்வளவு செய்யும் என்றால், வீட்டு மேஜையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்பவர் என்ன செய்துவிட முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

செட் பண்ணின பிறகு என்ன சோதனை?

பயிற்சி பெற்ற ஆர்மரர்கள் செய்யும் சோதனை பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். முதலில் ரைபிள் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வார்கள்; தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்காது. பிறகு போல்ட்டை வேண்டுமென்றே ஓங்கி ஓங்கி மூடுவார்கள். சியர் பிடித்து நிற்கணும். அடுத்து, காக் ஆன நிலையில் கட்டைப் பகுதியை ரப்பர் சுத்தியலால் எல்லாப் பக்கமும் தட்டுவார்கள். அப்போதும் விடக் கூடாது.

மூன்றாவது சோதனைதான் பலர் மறப்பது. சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக இழுத்து, விரலை எடுத்துவிட்டு, சேஃப்டியை விடுவிக்க வேண்டும். அந்த நொடியில் 'க்ளிக்' சத்தம் கேட்டால் அந்த ரைபிள் ரேஞ்சுக்குப் போகக் கூடாது. மொன்டானாவில் நடந்ததாகச் சொல்லப்படுவது இந்த 'க்ளிக்'தான்; உள்ளே தோட்டா இருந்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய பாயின்ட் 22 ரைபிள்களில் காலி சேம்பரில் சும்மா சுட்டுப் பார்த்தால், ஊசி சேம்பரின் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும். அதற்கென்று உள்ள போலித் தோட்டாவைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒருமுறை செட் பண்ணினால் அப்படியே நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் நம்ம பக்கம் 40 டிகிரியைத் தொடும். கார் டிக்கியில் கிடந்த ரைபிளில் கிரீஸ் உருகி ட்ரிகர் பெட்டிக்குள் இறங்கும். செம்மண் தூசியும் களிமண் தூசியும் அதில் ஒட்டிக் குழம்பாகும். விருத்தாசலத்தில் தூசிக்கா பஞ்சம்? அதனால்தான் ட்ரிகருக்குள் எண்ணெயைக் கொட்டாதே, துளி போதும் என்பார்கள் பழைய ஆர்மரர்கள். ட்ரிகர் திடீரென்று வழக்கத்தைவிட லைட்டாகத் தெரிந்தால் சந்தோஷப்படாதீங்க. சுடுவதை நிறுத்திட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ன் 5-வது பிரிவின்படி, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். இந்தப் பிரிவை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. தயாரிப்பாளரின் கையேட்டில் 'உரிமையாளரே திருப்பலாம்' என்று சொல்லியிருக்கும் ஸ்க்ரூவைத் திருப்புவது வேறு. பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் கொடுத்து சியரைத் தேய்ப்பது வேறு. பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியில் கை வைத்தால் அவருக்கும் சிக்கல், கொடுத்தவருக்கும் சிக்கல்.

ஏர் ரைபிளில் பாயின்ட் 177 (4.5 மி.மீ.) அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேல் போகாதவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கித் தருவது இதைத்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால், முந்தைய உரிமையாளர் ட்ரிகரை எப்படி வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன சோதனைகளைப் பயிற்சியாளர் முன்னால் செய்து பார்க்கும் வரை அதில் குண்டு போடாதீர்கள்.

என்.சி.சி. மாணவர்களுக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. ரைபிள் அரசுச் சொத்து. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட அனுமதி கிடையாது. ட்ரிகர் ரொம்ப இறுக்கமாகவோ, வழக்கத்துக்கு மாறாக இலகுவாகவோ தெரிந்தால், விரலை ட்ரிகரில் இருந்து எடுத்து, முனையைக் குறிப்பலகைப் பக்கமே வைத்தபடி கையைத் தூக்கி பி.ஐ. ஸ்டாஃபைக் கூப்பிடணும். ரைபிளோடு எழுந்து திரும்பி அவரிடம் காட்டப் போகக் கூடாது. ரைபிள் கிளப்பில் இருப்பவர்கள் போல்ட்டைத் திறந்து, சேம்பரில் ஃபிளாக் போட்டு, ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்ல வேண்டும். போல்ட்டைத் திறக்கும்போதும் முனை இலக்கைப் பார்த்தே இருக்கணும்.